விளையாட்டுக் கணினிக்கு உறுப்புத் தெரிதல்

சபரகமுவ மாகாணத்திலே மாணிக்கக்கல் வாங்குவோரிடம் நல்லதொரு வழக்கம் உண்டு. கல்லைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அவர் விலை பேசுவதில்லை. பகல் வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பர். திருப்பித் திருப்பிப் பார்ப்பர். நிறம் கல் முழுவதும் பரவியுள்ளதா, உள்ளே கீறல் உண்டா என்று நோக்குவர். சூடேற்றப்பட்ட கல்லா, இயற்கையாகவே நிறம் பெற்ற கல்லா என்று வினவுவர். மினுக்கத்தைக் கண்ட அளவிலே பணத்தை எண்ணிக் கொடுத்தவன் பின்னர் வருந்தியதை இரத்தினபுரி மாவட்டத்துச் சிறுவரும் அறிவர். அம்மாவட்டத்துக் கொடகவெலயிலே வாழும் இளைஞர் சிலரின் மனம் இக்காலத்தில் வேறொரு பொருளின்மேற் சென்றிருக்கிறது. அப்பொருளை வாங்குவதற்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அதுதான் விளையாட்டுக்கென உறுப்புகளைத் தனித்தனியே தெரிந்து பொருத்தி அமைக்கும் கணினி.

இதனைச் சிறுவர் ஆசை என்று தள்ளிவிடுதல் தகாது. கொடகவெலயைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே தேயிலையும் இறப்பரும் வளர்கின்றன. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வருவாய் நாட்சம்பளத்தையே நம்பியிருக்கிறது. 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு கணினிக்கு இரண்டரை இலட்சம் ரூபா செலவாகும் எனக் கொண்டு, இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால், அது 185 நாட்களின் உழைப்பு. அதாவது, ஒரு தாய் ஆறு மாதத்திற்கு மேலாக மலையேறிக் கொழுந்து பறித்து, அதில் ஒரு சதமும் செலவிடாது சேர்த்த பணம். அப்பணம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே அப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்து வாங்குதல் மகனுக்குக் கடமையாகிறது.

உறுப்புகளைத் தெரிந்து வாங்கும் வழக்கம் எங்ஙனம் தோன்றியது? 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே ஐ.பி.எம். நிறுவனம் தனது சிறு கணினியை வெளியிட்டது. விரைவாகச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டுமென்ற அவசரத்தில் அந்நிறுவனம் பெரும்பாலான உறுப்புகளைப் பிறரிடமிருந்தே வாங்கியது. முறைவழியாக்கி இன்டெல் நிறுவனத்தது. இயக்கும் மென்பொருள் மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கியது. கணினியின் தொழினுட்ப விவரங்களும் நூலாக வெளியிடப்பட்டன. அதனால் அதே வகை உறுப்புகளைப் பிறரும் செய்து விற்கலாயினர். 1995ஆம் ஆண்டிலே இன்டெல் நிறுவனம் தாய்ப்பலகையின் நீள அகலம், துளைகளின் இடம், மின்னிணைப்பு ஆகியவற்றுக்கு ஏ.ரி.எக்ஸ். என்னும் பொது அளவை வகுத்தது. தைவானிற் செய்த பலகையும் சீனாவிற் செய்த பெட்டியும் கொழும்பிலே வாங்கிய மின்வழங்கியும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு இப்பொது அளவே காரணம். ஆயினும், திருகாணி பொருந்திவிட்டது என்பதால் உறுப்புகள் ஒத்து இயங்கும் என்பதற்கில்லை. அந்த ஒத்த இயக்கத்தை வாங்குபவனே தேடிக்கொள்ளல் வேண்டும்.

தெரிவு எங்கே தொடங்க வேண்டும்? பலர் கடையிலே தொடங்குகின்றனர். சிலர் பெயரிலே தொடங்குகின்றனர். ஆனால், அது விளையாட்டிலே தொடங்குவதுதான் முறை. எந்த விளையாட்டை ஆடுவதற்காக இக்கணினி? வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் மிகையான வரைவியல் வலுவை வேண்டுவதில்லை. அவற்றுக்கு வேண்டுவன விரைந்த முறைவழியாக்கியும், இடையிலே தடங்காத இணையத் தொடர்பும், விரைவாகப் படம் மாற்றும் திரையுமே. சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டுகளோ ஒவ்வொரு காட்சியிலும் ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு வரைகின்றன. அவற்றுக்கு வரைவியல் அட்டையே உயிர். 2024ஆம் ஆண்டிலே வெளிவந்த 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' என்னும் விளையாட்டு, ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து கணிக்கும் வசதியில்லாத பழைய அட்டைகளில் இயங்குவதே இல்லை. எனவே, முதல்வகை விளையாட்டை மட்டும் ஆடுபவன் இரண்டாம் வகைக்குரிய அட்டையை வாங்குவானாயின், நெற்குத்தும் வீட்டில் கரும்பாலை நிறுவியவனாவான்.

விளையாட்டை அடுத்து எண்ண வேண்டியது திரை. திரையைக் கடைசியில் மிஞ்சிய பணத்திற்கு வாங்குவோர் உளர். அது தலைகீழான முறை. ஏனெனில், வரைவியல் அட்டை எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைத் திரைதான் தீர்மானிக்கின்றது. 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் ஏறத்தாழ 20 இலட்சத்து 73 ஆயிரம் படப்புள்ளிகள் உள்ளன. 2560க்கு 1440 என்னும் திரையில் அவை 36 இலட்சத்து 86 ஆயிரமாகின்றன. 3840க்கு 2160 என்னும் திரையிலோ 82 இலட்சத்து 94 ஆயிரம். அஃதாவது, முதலாவதைப் போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணிக்க வேண்டியது அட்டையின் வேலை. மேலும், நொடிக்கு 60 படம் காட்டும் திரைக்கு ஒரு படத்தை வரைய ஏறத்தாழ 16.7 மில்லிநொடி கிடைக்கும். 144 படம் காட்டும் திரைக்கு ஏறத்தாழ 7 மில்லிநொடியே கிடைக்கும். ஆகவே, பெரிய திரையையும் சிறிய அட்டையையும் சேர்த்து வாங்குபவனுக்குப் படம் தட்டித் தட்டி வரும். பெரிய அட்டையையும் பழைய 60 படத் திரையையும் சேர்த்து வாங்குபவனுக்குக் கொடுத்த பணத்தின் ஒரு பங்கு கண்ணுக்கு எட்டாமலே போகும். அளவான பணமுள்ள வீட்டுக்கு 1920க்கு 1080 என்னும் திரை போதுமானது.

கடைத்தெருவில் 'கிராபிக்ஸ் காட்' என வழங்கும் வரைவியல் அட்டையே விளையாட்டுக் கணினியின் விலைமிக்க உறுப்பு. என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய மூன்று நிறுவனங்களின் அட்டைகளே இன்று பெரும்பாலும் கிடைக்கின்றன. அட்டையின் பெயரிலுள்ள எண்ணை மட்டும் நோக்கி முடிவு செய்தல் ஆகாது. அட்டையோடு இணைந்த நினைவகத்தின் அளவையும் நோக்க வேண்டும். அண்மைக் காலத்துப் பெரிய விளையாட்டுகள் பலவற்றுக்கு எட்டு கிகாபைற்று நினைவகம் கீழெல்லை எனலாம். அட்டை உண்ணும் மின்வலுவும் நோக்கற்பாலது. என்விடியாவின் ஆர்.ரி.எக்ஸ். 4060 என்னும் அட்டைக்கு 115 உவாற்று என நிறுவனம் குறிக்கின்றது. அதற்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த 3060 என்னும் அட்டைக்கு 170 உவாற்று. மின்கட்டணம் எண்ணிச் செலுத்தும் வீட்டிலே இந்த வேறுபாடு மாதந்தோறும் பேசும்.

அட்டைக்கு இணையாக நிற்க வேண்டியது முறைவழியாக்கி; கடைக்காரர் அதனைப் 'புரொசெசர்' என்பர். இவ்விரண்டின் தொடர்பை விளங்கிக்கொள்ளத் தேயிலைத் தொழிற்சாலையைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கொழுந்து வந்ததும் முதலில் வாட்டப்படுகிறது, பின்னர் உருட்டப்படுகிறது, நொதிக்க விடப்படுகிறது, இறுதியில் உலர்த்தப்படுகிறது. உலர்த்தும் இயந்திரம் ஒரு நாளிலே ஏற்கும் அளவு குறைவாக இருப்பின், மலையிலிருந்து எத்தனை லொறிக் கொழுந்து வந்தாலும் என்ன பயன்? முன் நிலையிலே இலை குவிந்து கெடும். கணினியிலும் இதுவே நிகழ்கிறது. ஒவ்வொரு படத்திலும் எந்தப் பொருள் எங்கே நிற்கிறது, எவன் சுட்டான், குண்டு எவன்மேற் பட்டது என்பனவற்றை முறைவழியாக்கி கணிக்கிறது. அக்கணிப்பைப் பெற்று அட்டை வரைகிறது. முறைவழியாக்கி நொடிக்கு 70 படத்திற்கே கணிப்புத் தருமாயின், 150 படம் வரைய வல்ல அட்டையும் 70 படமே வரையும். எஞ்சிய வலுவுக்குக் கொடுத்த பணம் உறங்கிக் கிடக்கும்.

இந்த அளவான வீட்டுக்கு ஆறு கருவும் பன்னிரண்டு இழையும் உடைய முறைவழியாக்கிகள் பொருந்தும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600, இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ5 12400 ஆகியன இவ்வகையின. இவ்விடத்திலே பெயரின் இறுதி எழுத்தைக் கவனியாதோர் ஏமாறுவதுண்டு. இன்டெல் பெயரின் இறுதியில் 'எஃப்' என்னும் எழுத்து இருப்பின், அதனுள்ளே படம் காட்டும் பகுதி இயங்காது. தனி அட்டை இன்றித் திரை இருண்டே இருக்கும். ரைசன் 5 5600க்கும் அவ்வாறே. ஆனால், 5600ஜி என்னும் முறைவழியாக்கியினுள் படம் காட்டும் பகுதி உண்டு. முழுப் பணமும் ஒருங்கே கைக்கு வராத இளைஞன் இத்தகைய ஒன்றை முதலில் வாங்கி, எளிய விளையாட்டுகளை ஆடிக்கொண்டு, அட்டையை அடுத்த ஆண்டு வாங்கலாம். கடன் பட்டு ஒரே நாளில் முடிப்பதினும் இது மேலான வழி.

தாய்ப்பலகை இவையனைத்தையும் தாங்கும் நிலம். முறைவழியாக்கி அமரும் குழி நிறுவனத்துக்கு நிறுவனம், தலைமுறைக்குத் தலைமுறை வேறுபடும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 என்னும் குழி 2016ஆம் ஆண்டில் வந்தது, ஏ.எம்.5 என்னும் குழி 2022ஆம் ஆண்டில் வந்தது. முன்னது விலை குறைந்தது; ஆயின் அவ்வழி ஏறத்தாழ முடிவுக்கு வந்துவிட்டது. பின்னது விலை கூடியது. பின்னாளிலே பலகையை மாற்றாது முறைவழியாக்கியை மட்டும் மாற்ற இடந்தருவது. நினைவகமும் அப்படியே. ஏ.எம்.4 பலகை டி.டி.ஆர்.4 என்னும் வகையை ஏற்கும், ஏ.எம்.5 பலகை டி.டி.ஆர்.5 என்னும் வகையை மட்டும் ஏற்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகவே இயலாதபடி அவற்றின் வெட்டுகள் வெவ்வேறிடத்தில் அமைந்துள்ளன. நினைவகத்திலே 16 கிகாபைற்று என்பது இன்றைய விளையாட்டுக்கு ஏற்ற அளவு. அதனை ஒரே துண்டாக வாங்காது, எட்டு எட்டாக இரண்டு துண்டுகளாக வாங்குவது நன்று. இரு துண்டுகள் இருப்பின், ஒற்றை வழியிற் செல்லும் தரவு இரட்டை வழியிற் செல்லும். விலையில் வேறுபாடு சிறிது. வேகத்தில் வேறுபாடு கண்கூடு.

தேக்ககத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. சுழலும் வன்றட்டு நொடிக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மெகாபைற்று வரை படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 550 மெகாபைற்று படிக்கும். பலகையின்மேல் நேரே பொருத்தும் என்.வி.எம்.இ. வகை 3,000 மெகாபைற்றையும் தாண்டும். விளையாட்டு திறப்பதற்கு ஆகும் நேரத்தை இவை குறைக்குமே அன்றி, ஆடும்போது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையைப் பெரிதும் கூட்டா. ஆகையால் நடுத்தரமான என்.வி.எம்.இ. ஒன்று போதும். அதன் உச்ச வேகத்திற்காக மிகைப்பணம் கொடுப்பது வீண்.

இதுகாறும் கூறியவை இளைஞர் பேசும் உறுப்புகள். அவர்கள் பேசாத உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் மின்வழங்கி, 'பவர் சப்ளை' என்பர். அதற்கு அழகில்லை, அது விளையாட்டை விரைவாக்குவதில்லை, நண்பனிடம் சொல்லிப் பெருமை கொள்ளவும் முடியாது. ஆதலால், பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது அதுவே. ஆனால், மற்றெல்லா உறுப்புகளும் அருந்தும் நீர் அந்தக் குழாய் வழியேதான் வருகிறது. பழுதான மின்வழங்கி தான் மட்டும் அழிவதில்லை. சில வேளை பலகையையும் அட்டையையும் கூடவே கொண்டுபோகும்.

மின்வழங்கியை எங்ஙனம் பார்ப்பது? பெட்டியின்மேல் '500 உவாற்று' எனப் பெரிய எழுத்தில் இருப்பதை நம்பி வாங்குதல் கூடாது. பக்கத்திலே ஒட்டிய அட்டவணையை வாசிக்க வேண்டும். முறைவழியாக்கியும் வரைவியல் அட்டையும் பெரும்பாலும் 12 உவோல்ற்று வழியிலிருந்தே மின்னைப் பெறுகின்றன. அவ்வழியில் எத்தனை அம்பியர் எனப் பார்த்து, அதனைப் பன்னிரண்டாற் பெருக்கினால் உண்மையான வலு தெரியும். 38 அம்பியர் எனின் 456 உவாற்று. 20 அம்பியர் எனின் 240 உவாற்றே. இரண்டின் பெட்டியிலும் 500 என்றே அச்சிட்டிருக்கலாம். கல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது போன்றது இக்கணக்கு. '80 பிளஸ்' என்னும் முத்திரை, அது பெறும் மின்னில் குறைந்தது நூற்றுக்கு எண்பது பங்கைக் கணினிக்குக் கொடுக்கிறது என்பதைக் காட்டும். முன்னர்க் கூறிய 4060 அட்டையுள்ள கணினிக்கு 550 உவாற்று வழங்கியை அந்நிறுவனமே பரிந்துரைக்கின்றது.

மின்வழங்கியின் பேச்சு வீட்டு மின்சாரத்தின் பேச்சுக்குக் கொண்டுசெல்கிறது. கொழும்பிலே மாடிவீட்டில் இருப்பவனுக்கும் கொடகவெலத் தோட்டத்து லயத்தில் இருப்பவனுக்கும் ஒரே உறுப்புப் பட்டியல் பொருந்துமா? பட்டியல் பொருந்தினும் சூழல் பொருந்தாது. இலங்கையின் மின்சாரம் 230 உவோல்ற்று என்பது விதி. ஆயினும் நீண்ட கம்பியின் கடைசியிலுள்ள வீடுகளில், மாலை வேளையில் விளக்கு மங்குவதை எவரும் காணலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியும் மின்னலும் மலையை அதிரச் செய்கின்றன. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் ஒரே வேளையில் இருண்டது. இவற்றை எண்ணாது உறுப்புத் தெரிபவன் கூரையை எண்ணாது வீடு கட்டுபவன்.

ஆகவே, அட்டைக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்து மூன்று காரியங்களுக்கு வைத்தல் வேண்டும். முதலாவது, அறை மின்செருகியிலே புவித்தொடுப்பு உண்மையாகவே உள்ளதா என்பதைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரைக்கொண்டு சோதித்தல். மூன்று துளை இருப்பதால் மட்டும் புவித்தொடுப்பு இருக்கிறது என்று கொள்ளலாகாது. இரண்டாவது, யூ.பி.எஸ். ஒன்று. 650 வி.ஏ. எனக் குறித்த சிறு யூ.பி.எஸ். ஏறத்தாழ 360 உவாற்றையே தாங்கும். அதுவும் சில நிமிடங்களுக்கே. அது ஆட்டத்தைத் தொடர்வதற்கன்று. வேலையைச் சேமித்துக் கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்கு. மூன்றாவது காரியத்துக்குப் பணமே வேண்டியதில்லை. இடி முழங்கத் தொடங்கியதும் செருகியைக் கழற்றுதல். இணையக் கம்பியையும் உடன் கழற்றுதல். மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

மின்கட்டணத்தையும் முன்கூட்டியே கணக்கிடல் வேண்டும். கணினியும் திரையும் சேர்ந்து 250 உவாற்று உண்ணும் எனக் கொண்டு, நாளுக்கு நான்கு மணி நேரம் ஆடினால், நாளுக்கு ஓர் அலகு. மாதத்திற்கு முப்பது அலகு. இலங்கையின் வீட்டுக் கட்டண முறையிலே மாதம் அறுபது அலகுக்கு உட்பட்ட வீட்டுக்கு ஒரு விகிதமும், அதனைத் தாண்டிய வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே கூடிய வேறொரு விகிதமும் இருந்துவருகின்றன. 45 அலகு செலவிட்ட வீடு 75க்கு ஏறுமாயின், முப்பது அலகின் விலை மட்டும் கூடுவதில்லை. பழைய 45 அலகின் விலையும் கூடும். இக்கணக்கை மகன் முதலிலேயே தாள் ஒன்றில் எழுதித் தந்தையிடம் காட்டுவானாயின், பின்னர் வீட்டிற் சச்சரவு இல்லை.

பெட்டியைத் தெரியும்போது கண்ணாடிக் கதவையும் வண்ண விளக்கையும் பின்னுக்கு வைத்துக் காற்றோட்டத்தை முன்னுக்கு வைக்க வேண்டும். முன்புறம் வலைக்கண்ணுடன் திறந்திருத்தல் வேண்டும். முன்னே காற்றை உள்ளிழுக்கும் விசிறியும் பின்னே வெளித்தள்ளும் விசிறியும் வேண்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கொடகவெலப் பக்கத்து மலைகளிலும் ஈரத்துக்குக் குறைவில்லை. ஈரமும் தூசியும் கூடினாற் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். சூட்டைத் தேடி எறும்பும் பல்லியும் உள்ளே புகும். ஆதலின், திறந்துகிடக்கும் துளைகளுக்கு மூடி இடுதலும், பெட்டியைத் தரையில் வையாது மேசைமேல் வைத்தலும், சில மாதங்களுக்கு ஒருமுறை மின்னைத் துண்டித்து மெல்லிய தூரிகையால் துடைத்தலும் நல்ல வழக்கங்கள்.

பயன்படுத்திய உறுப்புகளை வாங்கலாமா? வாங்கலாம், ஆனால், கேள்வி கேட்டு வாங்க வேண்டும். இந்நாட்டிலே 'கெவுட' எனப்படும் பால்நிறக் கல்லைச் சூடேற்றி நீலக்கல் ஆக்குவர். அது குற்றமன்று, சொல்லாது விற்பதே குற்றம். வரைவியல் அட்டைகளுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 2020 முதல் 2022 வரை உலகெங்கும் அட்டைகளுக்குத் தட்டுப்பாடு நிலவியது. மின்னியல் நாணயம் ஈட்டுவோர் அவற்றை ஆயிரக்கணக்கில் வாங்கி இரவு பகலாக இயக்கியமை அதற்கு ஒரு காரணம். 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் ஈதீரியம் என்னும் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அன்றுமுதல் அவ்வட்டைகளுக்கு அவ்வேலை இல்லாமற் போயிற்று. அவை பழைய பொருட் சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றுட் பல நன்றாகவே இயங்கும். ஆயினும் விசிறி தேய்ந்திருக்கலாம். நினைவகத்தைக் குளிர்விக்கும் பஞ்சு உலர்ந்திருக்கலாம். கண்முன்னே அரை மணி நேரமாவது கடினமான ஆட்டம் ஒன்றை ஓட்டிக் காட்டச் செய்து, சூட்டையும் விசிறியின் ஒலியையும் கவனித்து வாங்குதல் வேண்டும்.

முறைவழியாக்கியிலும் இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ளல் வேண்டும். இன்டெல்லின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைகளைச் சேர்ந்த வலுமிக்க முறைவழியாக்கிகள் சில மிகையான மின்னழுத்தத்தால் நிலைகுலைந்ததை 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் நீட்டியது. அவ்வகையைப் பழையதாக வாங்குவோர் அத்திருத்தம் இடப்பட்டதா என வினவுதல் நலம். இரண்டாவது, விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதியை வேண்டுகிறது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட முறைவழியாக்கிகள், ஒருசில நீங்கலாக, அதற்குரிய பட்டியலில் இல்லை. மலிவு என்று அவற்றை வாங்கியவன் சில விளையாட்டுகளின் வாயிலிலேயே தடுக்கப்படுவான்.

கொழும்பு பம்பலப்பிட்டியிலுள்ள யுனிட்டி பிளாசா கணினிக் கடைகளுக்குப் பெயர்பெற்ற கட்டடம். கொடகவெலயிலிருந்து பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை வழியாக அங்கே போய்வர ஒரு முழு நாள் வேண்டும். ஆகையால், எழுதிய பட்டியலோடு போவதே அறிவுடைமை. பட்டியலில் ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே இரண்டு மாற்றுகளையும் கடக்கக்கூடாத விலையையும் குறித்திருக்க வேண்டும். அவ்வாறு குறியாதவன் கடைக்காரரிடம் எஞ்சிக் கிடப்பதை வாங்கி வருவான். விலையும் ஒரே நிலையில் நிற்பதன்று. 2022ஆம் ஆண்டின் முதல் பாதியிலே டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டியபோது, உறுப்புகளின் விலையும் உடன் ஏறியது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகத்தைப் பெருமளவில் வாங்கியமையால் உலகெங்கும் நினைவகத்தின் விலை உயர்ந்தது. சென்ற ஆண்டின் விலையை வைத்துக்கொண்டு இந்த ஆண்டின் பட்டியலை எழுதலாகாது.

வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும். அதில் உறுப்பின் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். உத்தரவாதம் தருபவர் விற்ற கடைக்காரரா, இறக்குமதி செய்தவரா என்பதையும் கேட்டறிய வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை முறைப்பாடுகளை ஏற்கிறது. ஆனால், சீட்டில்லாதவனின் முறைப்பாடு வலுவற்றது. பொருளின் அட்டைப்பெட்டியையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை பேணி வைத்தல் நன்று.

பணத்தைப் பங்கிடும் முறை யாது? திரை நீங்கலாக உள்ள தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை வரைவியல் அட்டைக்கு. அதன் பாதியளவு முறைவழியாக்கிக்கு. எஞ்சியது பலகை, நினைவகம், தேக்ககம், மின்வழங்கி, பெட்டி ஆகியவற்றுக்கு எனக் கொள்ளலாம். யூ.பி.எஸ்ஸையும் புவித்தொடுப்பையும் இந்தத் தொகைக்கு வெளியே, தொடக்கத்திலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். இது கல்லில் வெட்டிய விதியன்று. போட்டி விளையாட்டு ஆடுபவன் அட்டையிற் சிறிது குறைத்து முறைவழியாக்கியிலும் திரையிலும் கூட்டலாம். எவ்வாறு பங்கிடினும், மிகவும் பின்தங்கிய உறுப்பு எதுவோ அதுவே முழுக் கணினியின் வேகம் என்பதை மறத்தலாகாது.

இறுதியாக ஒன்று. இக்கணினியை வாங்குவதற்குப் பல வீடுகளிலே சொல்லப்படும் காரணம் 'படிப்பு' என்பது. படிப்புக்கு மட்டும் என்றால், இதனிற் பாதி விலையில் போதுமான கணினி கிடைக்கும். பெற்றோர் அதனை அறியார் என்பதற்காக மறைத்தல் நேர்மையாகாது. உண்மையைச் சொல்லுதலால் கெடுதல் இல்லை. 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே கணினி விளையாட்டுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. விளையாட்டை விளையாட்டு என்று சொல்ல வெட்க வேண்டியதில்லை. அன்றியும், அதே வரைவியல் அட்டை பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் அசையும் உருவங்களை வரையவும், ஒளிப்படங்களைத் தொகுக்கவும் உதவும். அதனால் வருவாய் தேடிக்கொள்ளும் வழியும் உண்டு. எனினும் அவ்வழி உழைப்பவனுக்கே திறக்கும். பெட்டியை வாங்கியதனால் மட்டும் திறவாது.

கொழுந்து பறிக்கும் கை தேறிய கை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றிய இலை எது என்பதை விரலே அறியும். முற்றிய இலை கூடையிற் கலந்தால் எடை கூடும், தரம் குறையும் என்பதை அத்தாய் அறிவாள். அவள் கொடுத்த பணத்தைக் கொண்டு கடைக்குச் செல்லும் மகனும் அவளைப் போலவே ஆராய்ந்து தெரிவானாயின், 185 நாள் உழைப்பு வீண்போகாது. எதை ஆடப்போகிறோம் என்பதை முதலில் அறிந்து, உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டு, கண்ணுக்குத் தெரியாத மின்வழங்கிக்கும் வீட்டின் மின்னிணைப்புக்கும் உரிய பங்கைக் கொடுத்து, கணக்கை வீட்டார்முன் வைத்து வாங்குதல்தான் அந்தத் தெரிவு.